பொன்சிங்கின் கை நீளம்

ஜூன் 9, ஞாயிறு

இன்று கோவில் ஆராதனைக்குப் போகவில்லை. முன்னறையைச் சுத்தம் செய்தேன். கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்து, அலமாரிக்குப் புதுத் தாள் விரித்து, மறுபடி அடுக்கி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. நாளை பத்திரிகையிலிருந்து ஒருவர் வருகிறார். ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் பொன்சிங்கின் மூன்றாம் வருட நினைவு நாள். அதற்குள் இன்னும் நாலைந்து பேராவது வருவார்கள்.

எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொல்ல வேண்டும். மணல்விளைச் செம்மணல் தேரியில் வலை கட்டி வாலிபால் ஆடிய பையன். பதினெட்டு வயதில் ரயில்வே அணி, இருபத்திரண்டில் இந்திய அணி, பிறகு கேப்டன். ஆறரை அடி உயரம். நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு காட்சிப் போட்டியில் எகிறிப் பந்தை அடித்துவிட்டுத் தரையில் இறங்கியவர் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். பிரேதப் பரிசோதனையில்தான், இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தது தெரிந்தது. பிறவியிலேயே வந்த கோளாறு. மார்ஃபான் என்று பெயர். உயரத்தையும் நீளமான கைகளையும் கொடுத்தது அதுதான். குழாயை மெலிய வைத்ததும் அதுதான்.

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு மரத்துவிட்டது.

சாயங்காலம் மகள் பெனிட்டாவின் சீருடை சுடிதாரை எடுத்து, கால் மடிப்பைப் பிரித்து இறக்கினேன். ஜனவரியில்தான் ஒரு தடவை இறக்கினேன். இனி இறக்கத் துணி இல்லை. வேறுதான் எடுக்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

பத்திரிகைக்காரர் வந்தார். என் வீட்டுக்காரருடைய ஷூவுக்குள் தன் காலை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். சரி என்றேன். ஆபீசுக்கு அரை நாள் லீவு போனது.

ஜூன் 22, சனி

டாக்டர் ஹபீபாவுடன் திசையன்விளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டாக்டர் மதுரையில் இந்த நோயைத்தான் ஆராய்ச்சி செய்கிறார். என் வீட்டுக்காரரின் உடம்பிலிருந்து எடுத்து வைத்த திசுவைச் சோதித்துப் பார்க்க என்னிடம் அனுமதி கேட்டு வந்தபோது பழக்கம். அதில் மரபணுக் கோளாறு எது என்று கண்டுபிடித்தார். அப்போதிருந்து தென்மாவட்டத்தில் வாலிபால் ஆடும் உயரமான பிள்ளைகளையெல்லாம் பரிசோதித்து வருகிறார். அவர் தனியாகப் போனால் யாரும் வருவதில்லை. பொன்சிங் பெண்சாதி பேசுகிறாள் என்றால் வருகிறார்கள்.

பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கட்டை விரலை உள்ளங்கையில் வைத்து மற்ற விரல்களால் மூடுங்கள். கட்டை விரல் நுனி அந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு வருகிறதா. ஒரு கையால் மற்றக் கை மணிக்கட்டைப் பிடியுங்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா. கண்ணாடியின் பவர் சீக்கிரம் சீக்கிரம் கூடுகிறதா. முதுகு வளைந்திருக்கிறதா. இருந்தால் பயப்படாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள், அவ்வளவுதான். தெரிந்துகொண்டால் மருந்து இருக்கிறது. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

திரும்பும்போது காரில் டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

“பெனிட்டாவை எப்ப கூட்டிட்டு வர்றீங்க?”

“ஸ்கூல் இப்பத்தானே தெறந்திருக்கு டாக்டர். கொஞ்சம் செட்டில் ஆகட்டும்.”

“மார்ச்லயும் கேட்டேன்.”

“அப்போ பரீட்சை.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி. வழியில் பதநீர் வாங்கிக் குடித்தோம்.

ஜூலை 4, வியாழன்

திருநெல்வேலி ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் நாள் முழுக்க வேலை தாங்கவில்லை. வைக்கோல் சுற்றிய மோட்டார் பைக்குகள், கருப்பட்டிப் பெட்டிகள், மும்பைக்குப் போகிற வாழையிலைக் கட்டுகள். அவர் போன பிறகு ரயில்வேயில் எனக்குக் கொடுத்த வேலை இது. குறை சொல்லக் கூடாது. கால்தான் வீங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வந்தால் கொழுந்தன் ஆசீர் காத்திருந்தார். மணல்விளையில் நினைவுப் போட்டியை நடத்துகிற கமிட்டிக்கு அவர்தான் தலைவர். சொந்தமாக இரும்புக் கடை. அண்ணன் அளவுக்கு இல்லாவிட்டாலும் வாசலில் குனிந்துதான் வர வேண்டிய ஆள்.

“மைனி, இந்த வருசம் செலை தெறக்கோம். கலெக்டர் வாராவ. அதுல போயி ஒங்க மருத்துவ முகாம் வேண்டாம்னு கமிட்டில சொல்லுதாவ.”

“கமிட்டில யாரு தம்பி சொல்லுதா?”

அவர் தண்ணீரைக் குடித்தார்.

“நாந்தான் சொல்லுதேன்னு வச்சிக்கிடுங்க. ஆடுத எடத்துல எதுக்கு ஆஸ்பத்திரி? எங்க வம்சத்துல வியாதி இருக்குன்னு நாமளே மைக் போட்டுச் சொல்லணுமா? நாளைக்கு நம்ம பெனிக்கு மாப்பிள்ளை பாக்கணும். எம் பையனுவளுக்குப் பொண்ணு எடுக்கணும்.”

“ஒங்க அண்ணனுக்கு அன்னைக்கு யாராவது மைக் போட்டுச் சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்.”

“அண்ணன் ராசா மாதிரி போனான் மைனி. ஆடும்போதே போனான். அதை வியாதிக்காரன் சாவா ஆக்காதிய.”

அவர் அழுகிற மாதிரி இருந்தது. முகாமும் நடக்கும் என்று மட்டும் சொன்னேன். சாப்பிடச் சொன்னேன். சாப்பிடாமல் போய்விட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

பெனிட்டாவுக்குக் கண்ணாடி மாற்றினேன். மறுபடி பவர் கூடியிருக்கிறது. கடைக்காரர் கண் டாக்டரிடம் காட்டச் சொன்னார். எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூடாமல் என்ன செய்யும்.

ஜூலை 13, சனி

மயிலாடியிலிருந்து சிற்பி வந்தார். சிலை பாதி முடிந்துவிட்டதாம். எகிறிப் பந்தை அடிக்கிற நிலை. போட்டோக்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் தயங்கினார்.

“அம்மா, ஒரு விஷயம். போட்டோ அளவுப்படி செஞ்சா கை ரொம்ப நீளமா வருது. பாக்கறவங்க நான் அளவு தப்பிட்டேன்னு சொல்லுவாங்க. கொஞ்சம் குறைச்சிக்கிடட்டுமா? முகம் அப்படியே இருக்கும்.”

அளவு சரிதான், அப்படியே வையுங்கள் என்றேன்.

“இல்லம்மா, மனுஷக் கை இப்படி இருக்காது.”

உள்ளே போய் என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் விரித்தேன். அவருக்கென்று சொல்லித் தைத்தது. கடையில் எந்தச் சட்டையும் அவருக்கு மணிக்கட்டு வரை வந்ததில்லை. கல்யாணத்தன்று போட்ட கோட்டுக்கும் கை எட்டாமல், போட்டோ முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார். சிற்பி அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து அளந்துகொண்டார்.

சிற்பி போன பிறகு மடித்து வைக்கலாம் என்று பார்த்தால் சட்டையைக் காணோம். பெனிட்டா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கழற்று, இஸ்திரி போட்டது என்று சத்தம் போட்டேன். தோளில் தொளதொள என்று இருந்தது. கை மட்டும் சரியாக இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

தலைவலி. படுத்தே இருந்தேன்.

ஜூலை 20, சனி

இன்று ஒரு அம்மாள் வீட்டைத் தேடி வந்தாள். பணகுடிப் பக்கம். பேச்சியம்மாள் என்று பெயர். பிப்ரவரியில் ஒரு கல்லூரியில் நாங்கள் நடத்திய முகாமில் அவளுடைய மகன் இசக்கிராஜாவுக்கு நோய் இருப்பது தெரிந்தது. மாநில அணியில் எடுக்க இருந்த பையன். டாக்டர் இனி ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலை கைக்கு வந்தாச்சு. இப்பம் மாத்திரையத் தின்னுட்டு வீட்டுக்குள்ளயே கெடக்கான். எங்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டுக்கான். ஒங்க வீட்டுக்காரரு ஆடி முடிச்சிப் பேரு எடுத்துட்டாவ. செலையும் வைக்கப் போறாவ. எம் பிள்ளைக்கு என்ன இருக்கு?”

உயிர் இருக்கிறதே என்று சொல்ல வேண்டும். கூட்டங்களில் அப்படித்தான் சொல்வேன். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

“ஒங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்குன்னு சொன்னாவளே அக்கா. அந்தப் பிள்ளையப் பாத்தாச்சா?”

காபி போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனாள். டம்ளரைக் கழுவ உள்ளே போனபோது பெனிட்டா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். படிக்கவில்லையா என்று கேட்டேன்.

ஜூலை 29, திங்கள்

வேலை அதிகம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆசீர் போன் செய்தார். முகாமைக் கோவில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மைதானத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மைக்கில் அறிவிக்கவும் கூடாது. சரி என்றேன். சண்டை போடத் தெம்பு இல்லை. டாக்டர் ஹபீபாவும், எங்கே நடந்தால் என்ன, ஸ்கேன் மெஷினுக்குக் கரண்ட் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 10, சனி

மணல்விளை. போட்டி ஆரம்பம். முகாமும்.

கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

முகாமுக்கு யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். மைக்கில் சொல்லாவிட்டாலும் பத்துமணிக்கே வராந்தா நிறைந்துவிட்டது. வெளியூர் அணிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்த தாய் தகப்பன்மார். நான் பெயர் கேட்டு ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாளும் வந்திருந்தாள். கூடவே அவளுடைய இளைய மகள். அன்றைக்கு என்னைத் திட்டிவிட்டுப் போனவள் நேற்று அந்தப் பெண்ணை வரிசையில் நிறுத்திக்கொண்டு நின்றாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

“அவனுக்கு மதுரையில ஆபரேசன் பண்ணிட்டாவ அக்கா. விட்டிருந்தா இந்த வருசமே வெடிச்சிருக்கும்னு சொன்னாவ.”

அப்புறம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் மகளுக்கு அடுத்தபடியாகப் பெஞ்சில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். மைதானத்தில் பாட்டியோடு இருக்கச் சொல்லி அனுப்பிய பிள்ளை.

“நீ என்னட்டி இங்கன?”

“பாக்கத்தான் வந்திருக்கேன்.”

“இது வெளியூர்ப் பிள்ளைகளுக்கு. ஒன்னைய மதுரையில வச்சி நிதானமா பாக்கலாம். இன்னைக்குக் கூட்டம்.”

டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. அந்தத் தாளைக் காலையிலிருந்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்ததே நான்தான். டாக்டர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“நீங்க இவகிட்ட ஏதாவது சொன்னீங்களா டாக்டர்? எனக்குத் தெரியாம பேசினீங்களா?”

“இல்லீங்க சுகிர்தா.”

“அவங்க ஒண்ணும் சொல்லல,” என்றாள் பெனிட்டா. “அப்பா செத்த மாசமே என்னைய டீம்ல இருந்து எடுத்துட்ட. படிப்புக்குன்னு சொன்ன. எனக்குப் படிப்புலாம் நல்லாத்தான் வந்துச்சு. நீ ஊர் ஊராப் போயி விரல மடக்கிப் பாக்கச் சொல்லுதல்லா, நான் அதை எட்டாம் வகுப்புலயே மடக்கிப் பாத்துட்டேன்மா.”

அவள் சத்தம் போடவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மைதானத்தில் யாரோ புள்ளி எடுத்துவிட்டார்கள் போல, ஒரே கைதட்டல்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். பேச்சியம்மாள்தான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருங்க அக்கா. உக்காந்து போடுங்க.”

உட்கார்ந்து போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை.

கலெக்டர் இன்று காலை சிலையைத் திறந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆசீர் மாலை போட்டுவிட்டு அழுதார். நான் என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. எப்போதும் பேசுவதுதான் பேசியிருப்பேன். மதுரைக்கு வரச் சொல்லி டாக்டர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மதுரை.

அவருக்கு இருந்த அதே கோளாறுதான். ரத்தக்குழாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது. இப்போது ஆபரேஷன் வேண்டாம். தினமும் மாத்திரை, குறித்த இடைவெளியில் ஸ்கேன். கண்ணில் லென்ஸ் இடம் நகர்ந்திருக்கிறது, அதற்குத் தனி டாக்டர். ஓடிப் பிடித்து ஆடுகிற போட்டி எதுவும் கூடாது. நடக்கலாம், நிதானமாக நீச்சல் அடிக்கலாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம். பிள்ளை பெறுவதைப் பற்றிக் காலம் வரும்போது பேசிக்கொள்ளலாம். டாக்டர் எல்லாவற்றையும் என்னைப் பார்க்காமல் பெனிட்டாவைப் பார்த்தே சொன்னார்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு நான் கேட்டேன்.

“இந்த வருஷம் வேலை ரொம்ப டாக்டர். அதனாலதான் தள்ளிப் போச்சு. ஆறு மாசத்துல ஏதும் கெட்டுப் போயிருக்குமா?”

“ஒண்ணும் கெட்டுப் போகல. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க.”

“அவருக்கு இந்த வயசுல தெரிஞ்சிருந்தா?”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இன்னைக்கு உங்க கூட இருந்திருக்கலாம். ஆனா யாருக்கும் அவர் பேர் தெரிஞ்சிருக்காது.”

எனக்குத் தெரிந்திருந்தால் போதுமே என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆசீர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“யாருக்கும் தெரிய வேண்டாம் மைனி. நம்ம மூணு பேரோட இருக்கட்டும்.”

“நாலு பேரு சித்தப்பா,” என்று பெனிட்டா சொன்னாள். “ஜெனிபர்ட்ட சொல்லிட்டேன். அவ கிளாஸ்ல சொல்லியிருப்பா.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

வள்ளியூரில் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கிளம்பும்போது பெனிட்டா, “என்னையப் பத்தியும் சொல்லும்மா,” என்றாள். சரி என்றேன். அங்கே போய்ச் சொல்ல முடியவில்லை. மைக் சரியில்லை, கொரகொர என்று இருந்தது.

வந்ததும் சொன்னியா என்று கேட்டாள். மைக் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வாட்டி நானே வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கோவிலிலிருந்து திரும்பினால் ஆசீர் வாசலில் நிற்கிறார். நெல்லைக்கு ஆணி வாங்க வந்தாராம். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. தோசை ஊற்றிக் கொடுத்தேன். தின்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பெனிட்டாவிடம் கேட்டார்.

“ஏட்டி, அது வலிக்குமா?”

“எது சித்தப்பா?”

“அந்த நெஞ்சு ஸ்கேனு.”

“வலிக்காது. தடவுத ஜெல்லுதான் குளிரும்.”

“ஊசி கீசி?”

“ரத்தம் மட்டும் எடுப்பாவ.”

அவர் தலையை ஆட்டினார். நான் வியாழக்கிழமை நாங்கள் மதுரை போகிறோம், கூட வாருங்கள் என்றேன். கடையை யார் பார்ப்பது, சரக்கு வருகிற நாள் என்று சொன்னார். கடை என்றால் அப்படித்தான், வேலை விடாது. நான் வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் பிளாட்பாரத்தில் ஆசீர். கையில் மூன்று டிக்கெட்.

ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். பெனிட்டாதான் கையைப் பிடித்துக் கதவு வரை கூட்டிப் போனாள். பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் கதவு நிலைக்குத் தலையைக் குனிந்தார்கள்.

வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“எனக்கும் இருக்கு மைனி. பெனி அளவுக்கு இல்ல. மாத்திரை போதுமாம். பயலுவ ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாவ.” கொஞ்சம் பொறுத்து, “அண்ணன்ட்ட ஆட்டத்துல தோத்துப் போனேன்னு சின்ன வயசுல அழுதுருக்கேன்,” என்றார். வெளியே போய் எங்கள் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தார்.

திரும்பி வரும் ரயிலில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஆசீர் எதிர் சீட்டில் மனைவிக்குப் போன் போட்டு, ஒன்றுமில்லை, வந்து சொல்கிறேன் என்று நாலு தரம் சொன்னார். பெனிட்டா வேதியியல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். விருதுநகர் தாண்டியதும் எனக்குக் கண்ணைச் சொக்கியது. மூன்று வருடமாக நான் பகலில் ரயிலில் தூங்கியதில்லை. பையை யார் பார்ப்பது.

“சாஞ்சிக்கோம்மா,” என்றாள்.

அவள் தோள் எனக்குச் சரியான உயரத்தில் இருந்தது. திருநெல்வேலி வந்துதான் எழுப்பினாள்.